திண்ணையில் பிறந்த சபை: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சுயாதீன சபை எப்படி வேர்பிடிக்கிறது

பாம்பன் பாலத்தைத் தாண்டி மண்டபம், வேதாளை என்று மேற்கே போகும்போது சாலையோரம் சின்னச் சின்னப் பலகைகள் கண்ணில் படும். ஒரு சபையின் பெயர், கீழே ஒரு வசனம், அதற்கும் கீழே ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம் என்று நேரம் போட்டிருக்கும். அம்புக்குறி காட்டுகிற சந்துக்குள் போனால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள், உள்ளே ஒரு கீபோர்டு. இதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு பதில்தான் கிடைக்கும். வெளியே இருப்பவர்கள் "வெளிநாட்டுக் காசு" என்பார்கள், உள்ளே இருப்பவர்கள் "ஆவியானவர் செய்தார்" என்பார்கள். முதல் பதில், நான் பார்த்த அளவில், ஆரம்ப வருடங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. இரண்டாவது பதிலை நான் மதிக்கிறேன். ஆனாலும் எந்த வீட்டில், எந்தக் கிழமையில், யார் கூப்பிட்டு யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் ஒரு சபை வளர்ந்த கதை பிடிபடும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சபை என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் 1994-இல் தொடங்கியது. நாங்கள் பரம்பரையாக ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்கர். பெரியப்பா விசைப்படகில், கிடைக்கிற மீனில் ஒரு பங்கு என்று கடலுக்குப் போகிறவர், கரைக்கு வந்தால் குடிப்பார். அவர்களுடைய கடைசிப் பையனுக்கு அடிக்கடி வலிப்பு வரும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அடுத்த தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு அக்கா, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பைபிளும் பாட்டுப் புத்தகமுமாக வந்து பையன் தலையில் கை வைத்து ஜெபித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேர், அதற்கடுத்து ஐந்து பேர், எல்லோரும் பெண்கள். பாஸ்டர் என்று ஒருவர் அந்தத் திண்ணைக்கு வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. அவர் வந்தபோது ஏற்கெனவே இருபது பேர் கூடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அந்தச் சபையின் ஆண்டு விழா நோட்டீசில் "ஐயா அவர்களால் ஸ்தாபிக்கப்பட்டது" என்று போடுகிறார்கள். நான் இதை எழுதுவதே அந்த வரியைப் படித்துத்தான்.

சரி, முதலில் வார்த்தைகளைப் பிரித்துக்கொள்ளலாம், ஏனென்றால் நம் ஊரில் கைதட்டிப் பாடுகிற எல்லோரையும் மொத்தமாக "பெந்தெகொஸ்தே" என்று சொல்லிவிடுகிறோம். பெந்தெகொஸ்தே என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனித்தனி அமைப்புகளாக உருவான சபைகளைக் குறிக்கும். அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், சுகமளித்தல் ஆகிய வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிடவில்லை, இன்றைக்கும் உண்டு என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதே அனுபவம் பழைய சபைகளுக்குள்ளேயும் பின்னால் நுழைந்தது. அமெரிக்காவில் 1960 வாக்கில் ஆங்கிலிக்கன் மரபுச் சபைக்குள்ளும், 1967-இல் பிட்ஸ்பர்க் நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலும் தொடங்கிய அலையைத்தான் காரிஸ்மாட்டிக் என்கிறார்கள். நம் கத்தோலிக்கர்கள் அதற்கு அருங்கொடை இயக்கம் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். சுயாதீன சபை மூன்றாவது வகை. அனுபவம் பெந்தெகொஸ்தேயினுடையது, ஆனால் மேலே ஆயரும் கிடையாது, பேராயரும் கிடையாது, தலைமையகமும் கிடையாது. ஒரு போதகர், ஒரு டிரஸ்ட் பத்திரம், ஒரு கூடம், அவ்வளவுதான். எங்கள் திண்ணைச் சபை இந்த வகை.

இது வெறும் நிலத்தில் முளைக்கவில்லை. முத்துக்குளித்துறைப் பரவர்கள் 1535 முதல் 1537 வரை கூட்டம் கூட்டமாகப் போர்ச்சுகீசியர்களிடம் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் சவேரியார் வந்தார். மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து, பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்து, அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு வீடு அனுப்பினார். (இந்த முறை கிட்டத்தட்ட அப்படியே இன்றைய வீட்டு ஜெபத்தில் இருக்கிறது, அதை யாரும் சவேரியார் பெயரோடு சேர்த்துச் சொல்வதில்லை.) வேதாளையில் 1549-இல் கிரிமினாலி என்ற சேசு சபைக் குரு வடுகர் படையால் கொல்லப்பட்டார். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அருளானந்தர் என்ற சேசு சபைக் குருவின் தலை வெட்டப்பட்டது. அவர் ரத்தத்தால் சிவந்தது என்று நம்புகிற அந்தச் சிவப்பு மண்ணை எடுத்து வந்து வீட்டில் வைத்திருக்காத ஆர்சி குடும்பம் எங்கள் பக்கம் அபூர்வம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகில் போய் வருவது தனிக் கதை. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 13 லட்சத்து 53 ஆயிரம், அதில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. கணக்கெடுப்பு ஆர்சி, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே என்று பிரித்துக் காட்டாது. ஆனால் கரையோரத்துக் குப்பத்தில் நின்று பார்த்தால் தெரியும், நானூற்றைம்பது வருடமாக வேதத்தில் இருக்கிற ஜனங்களுக்கு நடுவில்தான் புதிய சபை பாயை விரித்தது. இது முக்கியம், பின்னால் கல்லறை விஷயம் வரும்போது புரியும்.

அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான மதம் என்று ஒரு பேச்சு உண்டு. இதற்குப் பதிலாக அருளப்பன் என்ற ஒரே ஒரு பெயரைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன். திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனரியிடம் படித்தவர், 1810-இல் பிறந்து 1867-இல் இறந்தார். மிஷன் சம்பளம் வேண்டாம், ஆண்டவர் கொடுப்பதில் பிழைப்போம் என்று திருவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற அந்தப் பகுதி, 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரியும்வரை ராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தது. 1860-இல் அவருடைய கூட்டங்களில் ஜனங்கள் அழுது விழுந்தார்கள், அந்நியபாஷை பேசினார்கள், தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள். பெந்தெகொஸ்தே பிறந்த இடம் என்று பலர் சொல்கிற லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருக் கூட்டங்களுக்கு 46 வருடம் முன்னால் நடந்தது இது. அந்த எழுப்புதல் பெரிய அமைப்பாக நிலைக்கவில்லை, அதனால் நம்மவர்களுக்கே மறந்துபோனது. ஆனால் சம்பளம் வாங்காத உள்ளூர்ப் போதகர், வெளிநாட்டுத் தலைமை இல்லாத கூட்டம், சாதாரண ஜனங்கள் வாயிலிருந்து வருகிற தீர்க்கதரிசனம் என்று இன்றைய சுயாதீன சபையின் எல்லா அடையாளமும் அதில் அப்போதே இருந்தது.

அடுத்த பெரிய அலை 1905-இல் புனே பக்கம் கேட்காவில் பண்டிதை ரமாபாயின் முக்தி ஆசிரமத்தில் எழுந்தது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் விதவைகள், பஞ்சத்தில் மீட்கப்பட்ட பெண்கள், சிறுமிகள். அந்தச் செய்தி கடிதமாகவும் சின்னப் புத்தகமாகவும் சிலி நாடுவரை போய், 1909-இல் அங்கே ஒரு எழுப்புதலுக்கு வித்தானது. 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர், ஒரு கண் பார்வை இல்லாதவர், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர், போனி பிரே தெருவில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினார். கூட்டம் தாங்காமல் அந்த வீட்டின் முகப்புத் திண்ணையே இடிந்து விழுந்தது என்று சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் அசூசா தெருவில் இருந்த பழைய கட்டடத்துக்குப் போனார்கள். அப்புறம் சியோல் நகரம். உலகத்தின் மிகப் பெரிய சபைகளில் ஒன்று என்று பேசப்படுகிற யோய்டோ சபை 1958-இல் சோய் ஜா-சில் என்ற அம்மாவின் வீட்டில் ஐந்து பேரோடு ஆரம்பித்தது. அந்த ஐந்து பேரில் போதகர் சோ ஒருவர், அந்த அம்மா ஒருவர், மீதி மூன்று பேர் அவருடைய பிள்ளைகள். 1964-இல் சோ வேலைப் பளுவில் மயங்கி விழுந்து படுத்தபோது, வீட்டுக் கூட்டங்களைப் பொறுப்பெடுக்க ஆண்கள் தயங்கினார்கள், பெண்கள்தான் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக் குழு வளர்ச்சி முறை என்று உலகமெல்லாம் பாடம் நடத்துகிறார்களே, அது இப்படி வந்தது.

இதையெல்லாம் படித்தபோது எனக்குப் பெரியம்மா திண்ணைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் கடலுக்கு இன்னொரு வழியும் உண்டு, கொழும்பு வழி. 1920-களின் தொடக்கத்தில் கொழும்பில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் உருவானது. அதை நடத்திய பாஸ்டர் பால் கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் ராமன்குட்டியாகப் பிறந்தவர், அவரோடு நின்றவர் ஆல்வின் டி ஆல்விஸ். ஊழியர்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை, சம்பளம் கிடையாது, வெள்ளை உடை, எல்லோரும் ஒரே விசுவாச வீட்டில் தங்குவார்கள், மருந்து எடுக்க மாட்டார்கள். பிறகு அது தமிழ்நாட்டில் பெரிதாகப் பரவியது, 1984-இல் பெயரை தி பெந்தெகொஸ்தல் மிஷன் என்று மாற்றிக்கொண்டது. 1914 முதல் 1964 புயல்வரை கொழும்பிலிருந்து ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி ரயிலில் சென்னை என்று ஒரே டிக்கெட்டில் வரலாம். அந்தப் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற ஆர்சி கோவில் சுவரைப் பார்க்கிற சுற்றுலாக்காரர்கள், அந்த மணலில் போதகர்களும் வியாபாரிகளும் பெட்டியோடு இறங்கி நடந்த காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சரி, திண்ணைக்கு வருவோம். ஏன் அங்கே கூட்டம் சேர்ந்தது? என் கணக்கில் முதல் காரணம் நேரம். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரை திரும்பும். அந்த நேரத்தில் மீன் இறக்கணும், ஏலம் பார்க்கணும், வலை சீர்செய்யணும். பங்குச்சாமி என்ன செய்வார் பாவம், ஒருவரே நாலைந்து கிளைக் கிராமத்துக்கும் போய் பூசை வைக்கணும், அவருக்கென்று ஒரு நேரம். திண்ணைக்கு அந்தக் கட்டு இல்லை. ஆம்பளைகள் கடலில் இருக்கிற ராத்திரி, கண் மூட முடியாத நேரம், அப்போது விளக்கு எரிகிற ஒரே இடம் அதுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடலில் இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச் சூடு நடந்த காலம். போனவன் திரும்புவானா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. இன்றைக்குச் சுடுவது குறைந்திருக்கிறது, பிடித்துக்கொண்டு போவது குறையவில்லை. 2018-இல் இலங்கை சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு படகைத் திருப்பி வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. கணவன் யாழ்ப்பாணம் சிறையில் இருக்கிற ஒரு பெண், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று ராவும் பகலுமாகச் சங்கிலி ஜெபம் பிடிக்க இருபத்துநாலு பேர் இருக்கிறார்கள் என்பதை எந்த அளவுக்குப் பிடித்துக்கொள்வாள் என்று யோசித்துப் பாருங்கள். அதில் இருக்கிற ஒவ்வொருத்தியும் அவள் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றும் கேட்பாள். தினமும் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து வாரக்கடைசியில் கொண்டுவருகிற பிடி அரிசிக் காணிக்கை, எங்கள் திண்ணையில் முதல் மூன்று வருடம் நேராக இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் போனது.

இரண்டாவது காரணம் சாட்சி. இதை வெளியே இருப்பவர்கள் கவனிப்பதே இல்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசி நான் பார்த்ததில்லை, கோவில் கமிட்டியிலும் இல்லை. திண்ணை ஜெபத்தில் பாட்டு முடிந்ததும் "யாராவது சாட்சி சொல்லுங்க" என்று கேட்பார்கள். பாசி எடுக்கக் கடலுக்குள் போய் வந்து, பாறையில் கிழித்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி எழுந்து நிற்பாள். முதல் நாள் அழுகை மட்டும்தான் வரும். இரண்டாவது மாதம் "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், போன வாரம் இந்த மாதிரி நடந்துச்சு" என்று கோர்வையாகச் சொல்வாள். ஆறாவது மாதம் பக்கத்து ஊருக்குப் போய், முன்பின் தெரியாத முப்பது பேர் முன்னால் சொல்வாள். அந்த ஊரில் ஒரு திண்ணை திறக்கும். கிளைச்சபை என்று பின்னால் எழுதி வைத்ததெல்லாம் இப்படி ஒருத்தி பஸ் ஏறிப் போனதில் ஆரம்பித்தவைதான். என் பெரியம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பைபிளைத் தடவித் தடவி, சங்கீதம் 91-ஐ மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு அதன் எழுத்துகளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே வாசிக்கப் படித்தார். ஐம்பது வயதில்.

மொழியும் மாறியது. நாங்கள் பூசை, சாமியார், நற்கருணை, செபம் என்று பேசிய ஜனங்கள். திண்ணைக்குப் போனவர்கள் ஆராதனை, பாஸ்டர், திருவிருந்து, ஜெபம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஊரில் ஒருவர் "செபம்" என்கிறாரா "ஜெபம்" என்கிறாரா என்பதிலேயே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நகையைக் கழற்றியவர்கள் உண்டு, பூ வைப்பதை விட்டவர்கள் உண்டு. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதை நிறுத்தியபோது என் பாட்டி ஒரு வாரம் பெரியம்மாவோடு பேசவில்லை.

சுகம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, அதைப் பேசும்போது கொஞ்சம் கவனமாகப் பேசணும். எங்கள் கடற்கரையில் சுகம் தேடிப் போவது மதம் பார்க்காது. இந்துவும் கிறிஸ்தவனும் ஏர்வாடி தர்காவுக்குப் போவார்கள், ஓரியூருக்கு எல்லோரும் வருவார்கள். அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை, தர்காவை நம்பிக் கொண்டுவந்து விட்டவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிப்போனார்கள். பைத்தியம் என்றால் ஆவி பிடித்தது, கட்டிப் போட்டு வேண்டிக்கொண்டால் போகும் என்கிற எண்ணம் ஒரு மதத்துக்குச் சொந்தமில்லை, நம் சபைகளிலும் இருந்தது, இருக்கிறது. பெரியம்மா பையன் விஷயத்தைச் சொல்கிறேன். வலிப்பு குறைந்தது ஜெபத்தால் என்று பெரியம்மா சாட்சி சொல்வார். ஆனால் அவர் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை, மாதாமாதம் ராமநாதபுரம் போய் வாங்கி வந்தார். "மாத்திரை கொடுக்க டாக்டருக்கு அறிவு கொடுத்ததும் அவர்தானே" என்பார். பின்னால் வந்த ஒரு பிரசங்கி மேடையில் மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று பேசினார். அதைக் கேட்டு சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்திய ஒருவருக்குக் கால் போனது. இதைச் சொல்லாமல் வளர்ச்சியை மட்டும் எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். சபை சீக்கிரம் வளர்வதற்கு எது காரணமோ, அதாவது நோயும் அதற்கு உடனே ஒரு கை தலையில் வந்து விழுவதும், அதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது.

முதல் வருடங்களில் வந்தவர்கள் யார் என்றால், பெரும்பாலும் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். ஆர்சி, கொஞ்சம் சிஎஸ்ஐ. ஆட்டைத் திருடுகிறார்கள் என்று பழைய சபைக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு. இந்துக் குடும்பங்களும் வந்தன, ஆனால் பெயரை மாற்றாமல், பதிவு செய்யாமல், பின்வரிசையில் உட்கார்ந்து போகிறவர்களாக. பட்டியல் சாதிக்காரர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும் என்பது 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை. சீக்கியர்களுக்கு 1956-இலும் பௌத்தர்களுக்கு 1990-இலும் அது தளர்ந்தது, கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தளரவில்லை. பிள்ளையின் படிப்பும் வேலையும் போய்விடும் என்ற பயத்தில் வருடக்கணக்காக ஞானஸ்நானம் எடுக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-இல் திரும்பப் பெறப்பட்ட அந்த இரண்டு வருடம், திண்ணையில் பாட்டுச் சத்தம் குறைந்துதான் இருந்தது.

ஞானஸ்நானம்தான் உண்மையான பிளவு. திண்ணைக்குப் போய்விட்டு ஞாயிறு பூசைக்கும் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெரியம்மாவே பங்குச்சாமியிடம் "சாமி, பூசைக்கும் வாரேன், வெள்ளிக்கிழமை ஜெபமும் வைக்கிறேன், ரெண்டும் ஒரே ஆண்டவருதானே" என்று சொல்லி இரண்டு வருடம் ஓட்டினார். ஆனால் கடலில் இறங்கி முழுக்கு எடுத்தால், குழந்தையில் வாங்கிய திருமுழுக்கு செல்லாது என்று சொன்னதாக ஆகிறது. நானூற்றைம்பது வருடத்து முன்னோர்களைச் செல்லாது என்று சொன்னதாக ஆகிறது. ஊர் அதைத்தான் கேட்டது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்குகிற தலைக்கட்டு வரியை வாங்க மறுத்தார்கள். வரி வாங்காவிட்டால் ஊரில் பங்கில்லை, திருவிழாவில் இடமில்லை, கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வர மாட்டார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டார்கள். 1998-இல் சபையில் முதல் சாவு விழுந்தது, ஒரு வயதான அம்மா. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய மாமனார், மாமியார், புருஷன், பிறந்த உடனே செத்த ஒரு பிள்ளை எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். நல்ல வெயில் காலம். ஒன்றரை நாள் உடலை வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை. கடைசியில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, வேறொரு சபைக்காரர்கள் தங்கள் இடத்தில் இடம் கொடுத்தார்கள். டிராக்டரில் கொண்டுபோனோம். நான் அப்போது பன்னிரண்டாவது படிக்கிறேன். ஊர் செய்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதே நேரத்தில், அந்த அம்மாவின் மகனே ஆர்சியாக இருந்து ஊர்ப் பக்கம் நின்றான் என்பதையும் மறக்க முடியவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு சபை குறையும் என்று நினைத்தோம். குறையவில்லை, கூடியது. ஏனென்றால் அதுவரை இரண்டு பக்கமும் போய் வந்தவர்கள் ஒரு பக்கம் நிற்க வேண்டியதானது. நின்றவர்கள் தங்களுக்கென்று கல்லறைக்கு ஒரு துண்டு நிலம் வாங்கணும் என்று காசு போட ஆரம்பித்தார்கள். சபை கட்ட நிலம் வாங்கும் முன்பே கல்லறைக்கு நிலம் வாங்கிய சபை அது. வெளிநாட்டுக் காசு என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வெளிநாட்டிலிருந்து காசு வாங்கச் சட்டப்படி ஒன்றிய அரசின் பதிவு வேண்டும், எங்கள் சபைக்கு டிரஸ்ட் பத்திரமே 2003-இல்தான் எழுதினார்கள். வந்த காசு இறால் விற்ற காசு, கருவாட்டுக் காசு, பாசிக் காசு, தாலியில் கோத்திருந்த குண்டுமணித் தங்கம் விற்ற காசு. தசமபாகம் என்று பத்தில் ஒன்று. பங்கு கிடைக்காத வாரம் அதுவும் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காணிக்கை கிட்டத்தட்ட நின்றுபோகும், ஆனால் ஆண்கள் கரையில் இருக்கிற காலமும் அதுதான், அதனால் எழுப்புதல் கூட்டங்களை அப்போது வைப்பார்கள். பெரியப்பா குடியை விட்டது அப்படி ஒரு தடைக்காலத்தில்தான். கையில் காசில்லை, போக வேறு இடமில்லை, திண்ணை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் குடிக்காத முதல் வருடத்தில் வீட்டுக்குத் தெரிந்த பணமே, எந்தப் பிரசங்கத்தையும்விட, அக்கம்பக்கத்துப் பெண்களைத் திண்ணைக்கு இழுத்தது.

கூடம் கட்டியதும் அடுத்த சிக்கல். வழிபாட்டுக்கென்று கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அது சின்னச் சபைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை, அதனால் வீடு என்று வரைபடம் கொடுத்துக் கட்டிவிட்டு உள்ளே கூடுகிறார்கள், யாராவது மனு கொடுத்தால் பூட்டு விழுகிறது. ஒலிபெருக்கி விஷயத்தில் நான் மனு கொடுப்பவர்கள் பக்கம். சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் பக்கத்துக் குடியிருப்போருக்கும் நடந்த வழக்கில், 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோ ஜெபிக்கணும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. திண்ணையில் மைக் இல்லாமல்தான் இருபது பேர் நூறு பேரானார்கள்.

பாஸ்டரய்யாவைக் குறைத்துச் சொல்வதற்கு இதை எழுதவில்லை. அவர் நல்லவர், சைக்கிளில் உப்புக்காற்றில் ஊர் ஊராகப் போனவர், பாஸ்டரம்மா கஞ்சி மட்டும் வைத்துப் பிள்ளைகளை வளர்த்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வேதாகமப் பள்ளியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, எந்தச் சபையும் அனுப்பாமல், தானாக வந்தவர். சிதறிக் கிடந்த திண்ணைகளை ஒரே ஞாயிறு ஆராதனையாகச் சேர்த்தது அவர்தான், அது பெரிய வேலை. ஆனால் கூடம் வந்ததும் கமிட்டி வந்தது, கமிட்டியில் ஏழு பேரும் ஆண்கள். பிரசங்கம் மேடைக்குப் போனது, சாட்சிக்கு இரண்டு நிமிடம் என்று நேரம் வைத்தார்கள், அதுவும் முன்கூட்டியே பெயர் கொடுக்கணும். ஐயாவுக்கு வயதானதும் மகனா மருமகனா என்று கேள்வி வந்து 2015-இல் சபை இரண்டானது. மேலே கேட்பதற்கு ஆயர் இல்லாத இடத்தில் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதே முடிவாகிவிடுகிறது. பத்திரத்தில் ஒரு பெண் பெயரும் இல்லை, திண்ணை கொடுத்தவர் பெயரும் இல்லை, அந்தத் தூத்துக்குடி அக்கா பெயரும் இல்லை.

இரண்டான பிறகு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பெரியம்மா இரண்டு மூன்று மாதம் எங்கேயும் போகவில்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வேறு மடங்க மாட்டேன் என்கிறது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தபோது ராத்திரி எட்டரை மணிக்குத் திண்ணையில் பாய் விரித்திருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த நாலு பேர், புருஷனைப் பிடித்துக்கொண்டு போய் பதினோரு நாளான ஒரு சின்னப் பெண், அவள் மடியில் தூங்குகிற குழந்தை. பெரியம்மா சுவரில் சாய்ந்தபடி 91-ஆம் சங்கீதத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்கு வசனம் தெரியாததால், ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அவள் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தார்.